தள்ளுவண்டி மீது வரும் மனுவை யார் எழுதுகிறார்கள்?

ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் என்னிடம் வழக்குக்கு வரும் தள்ளுவண்டிக்காரர்கள் பெரும்பாலும் மாநகராட்சியைத் திட்டிக்கொண்டேதான் வருவார்கள். "போண்டா போட எண்ணெய் காயற நேரமா பாத்து வந்து, அடுப்போட தூக்கி லாரியில ஏத்திட்டாங்கண்ணா." திட்டட்டும். ஆனால் லாரி பெரும்பாலும் தானாகக் கிளம்பி வருவதில்லை. கோப்பைப் புரட்டினால் அடியில் ஒரு மனு கிடக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்ததாக இருக்கும், இல்லை முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன புகாராக இருக்கும். கீழே 'பொதுமக்கள்' என்று போட்டிருக்கும். காரணம் இரண்டே இரண்டு: போக்குவரத்து நெரிசல், சுகாதாரக் கேடு. கையெழுத்துகளைப் பார்த்தால் முதல் ஆள் நாலு கடை தள்ளி இருக்கும் பேக்கரிக்காரராகவோ ஹோட்டல்காரராகவோ இருப்பார்.

அவர்களுடைய ஆத்திரம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அட்வான்ஸ், வாடகை, கரண்ட் பில், ஜி.எஸ்.டி. எல்லாம் கட்டுகிறவர், ஷிப்ட் முடிந்து வரும் பனியன் கம்பெனிக் கூட்டம் தன் கடையைத் தாண்டி காளான் வண்டிக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் போட்டியைச் சமாளிக்க முடியாததை நெரிசல் என்று எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். மனு கொடுத்த ஹோட்டலின் பரோட்டாக் கல்லே சாக்கடை மூடி மேல்தான் நிற்கும். அதை மனுவில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. தன் கடை வாசலில் நிற்கிற வண்டியிடம் தினமும் 'வாடகை' வாங்கிக்கொண்டிருப்பார். ஏற்றிக் கேட்டு, கொடுக்கவில்லை என்றால் மறுவாரம் மனு போய்விடும். நடைபாதையை வாடகைக்கு விட அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. மனு வந்தபிறகாவது வண்டிக்காரர்கள் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை.

தெருவோர வியாபாரிகளுக்காக 2014-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. கணக்கெடுப்பு முடிந்து, எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை ஏற்கனவே இருக்கிற வியாபாரியை அகற்றக் கூடாது என்கிறது 3-வது பிரிவு. அகற்றியே ஆக வேண்டுமானாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 18-வது பிரிவு. பொருளை எடுத்தால் கையெழுத்துப் போட்ட பட்டியல் தர வேண்டும். உரிமை கோரிய பிறகு, அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இது 19-வது பிரிவு. லாரி வந்தால் சண்டைக்குப் போகாமல் முதலில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

மனுக்காரர்கள் படிக்காமல் விடுவது சட்டத்தின் முதல் அட்டவணையை. ஓரிடத்தை 'விற்பனை கூடாத பகுதி' என்று அறிவிக்க, நெரிசலைக் காரணமாகக் காட்டவே முடியாது என்று அதில் இருக்கிறது. சுகாதாரக் கேடு என்றால், அது முழுக்க வியாபாரிகளால் மட்டுமே வந்ததாகவும், மாநகராட்சி நடவடிக்கையால் சரிசெய்ய முடியாததாகவும் இருக்க வேண்டும். அதாவது குப்பைத் தொட்டி வைத்தாலே தீரும் பிரச்சினைக்கு வண்டியைத் தூக்க வழியில்லை. கணக்கெடுப்பும் தெருவோர விற்பனைத் திட்டமும் இல்லாமல் அப்படி அறிவிக்கவே கூடாது. மனுவில் எழுதும் அந்த இரண்டு காரணங்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது.

மனு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டிக் கேட்கலாம். பெயரை மறைத்துத் தந்தாலும், நடவடிக்கைக்குச் சொன்ன காரணம் என்ன, நோட்டீஸ் போனதா என்பதாவது தெரிந்துவிடும்.

நம் பக்கத்து ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். வண்டியில் வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டர், காளானில் கலர் பொடி, வடையை மடிக்க நியூஸ் பேப்பர். இதில் ஒன்று இருந்தாலும் எதிராளிக்கு வேலை சுலபம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்தத் தாளை வண்டியில் ஒட்டி வைப்பது நல்லது. அந்தத் துறை அதிகாரி வந்தால் மாதிரி எடுக்கலாம், குறையைத் திருத்தச் சொல்லலாம். அப்படி நோட்டீஸ் கொடுத்தால் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. நிற்கிற இடத்தை மாற்று என்று சொல்வது அவர் வேலை கிடையாது.

லாரியைவிட நான் பயப்படுவது நகர விற்பனைக் குழுக் கூட்டத்துக்குத்தான். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்ற திட்டம் இந்தக் குழுவைக் கலந்துதான் உருவாகும். மாநகராட்சி கமிஷனர் தலைமையில் நடக்கும் அதில் தெருவோர வியாபாரிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வணிகர் சங்கத்துக்கும் அங்கே நாற்காலி உண்டு. அவர்கள் தயாராக வருவார்கள். நம் பிரதிநிதி சாயங்கால வியாபாரத்துக்கு மாவு ஆட்டவேண்டும் என்று வராமல் இருந்தால், உங்கள் தெரு சட்டப்படியே கைவிட்டுப் போகும். உங்கள் ஊரில் குழு இருக்கிறதா, உங்கள் பக்கம் யார் உறுப்பினர் என்று இன்றைக்கே விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கானது. ஊர் எல்லை தாண்டி ஊராட்சி ரோட்டோரம் நிற்கிறவர்கள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ரயில்வே இடத்திலும் இது செல்லாது. அங்கே மனு வந்தால் லாரி வரும்வரை காத்திருக்காமல் உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.