ஒன்றுக்கு மூன்றாக ஆன்டிவைரஸ் போடாதீர்கள்

போன வாரம் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர எட்டு நிமிடம், குரோமைத் தொட்டால் அப்படியே ஹேங். "தம்பி, ஒண்ணுக்கு மூணா ஆன்டிவைரஸ் போட்டிருக்கேன், அப்படியும் வைரஸ் வந்துடுச்சு பாருங்க" என்றார். இந்த மாதத்தில் இப்படி வந்தது இது நான்காவது. முழு ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன், வைரஸ் ஒன்றுகூட இல்லை. கோளாறே அந்த மூன்றும்தான்.

அதைவிட மனசு கேட்காத விஷயம் ஒன்று சொன்னார். இரண்டு வருடம் முன்பும் இதே போல ஸ்லோவாக இருக்கிறது என்று வேறொரு இடத்தில் கொடுத்திருக்கிறார். வைரஸ் என்று சொல்லி, எதையும் கேட்காமல் பார்மட் அடித்துவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் அவருடைய மறைந்த கணவரின் போட்டோக்கள் இருந்தன. போயே போய்விட்டன. அப்புறம் அதே இடத்தில் காசு வாங்கிக்கொண்டு ஒரு ஆன்டிவைரஸும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஸ்லோ என்றாலே வைரஸ் என்று அர்த்தம் இல்லை. இன்றைக்கு வரும் கெட்ட புரோகிராம்களில் பெரும்பாலானவை உங்கள் பாஸ்வேர்டையும் வங்கி விவரத்தையும் திருட வருபவை, அவை சத்தமில்லாமல் இருக்கத்தான் பார்க்கும், கம்ப்யூட்டரை இழுத்து நிறுத்தி உங்கள் கவனத்தைத் தன் பக்கம் திருப்பாது. எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல முடியாது, உங்கள் கம்ப்யூட்டரில் ரகசியமாக கிரிப்டோ மைனிங் (டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்க ஓயாமல் கணக்குப் போடும் வேலை) செய்பவை இழுக்கத்தான் செய்யும். ஆனால் என் மேஜைக்கு "வைரஸ்" என்று வரும் பத்து லேப்டாப்பில் ஏழெட்டு, நாலு ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், அதன் மேல் அளவுக்கு மீறிய பாதுகாப்பு சாஃப்ட்வேர் என்ற கதைதான்.

இரண்டு போட்டால் இரண்டு மடங்கு பாதுகாப்பு என்ற நம்பிக்கைதான் என்னை அதிகம் சோர்வடைய வைக்கிறது. மாத்திரையில்கூட அப்படிச் செய்ய மாட்டோம். நீங்கள் ஒரு போட்டோவைத் திறக்கிறீர்கள். அதைத் திறக்கும் முன்பே ஒரு ஆன்டிவைரஸ் படித்துப் பார்க்கிறது. முதல் ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைத் தொட்டதையே இரண்டாவது பார்த்துவிட்டு, தானும் ஒருமுறை படிக்கிறது. மூன்றாவதும் அப்படியே. சில நேரம் ஒன்று பிடித்து ஒதுக்கி வைத்த ஃபைலை மற்றது ஆபத்து என்று மறுபடி பிடிக்கும், இரண்டும் விண்டோஸின் ஆழத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து மோதி நீலத்திரை வந்து நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் படிக்க முடியும், அது பாவம் எத்தனை பேருக்குத்தான் ஓடும்? ஆக, வேலை மூன்று மடங்கு, பாதுகாப்பு ஒரு மடங்குகூட ஒழுங்காக இல்லை.

சரி, டீச்சர் லேப்டாப்பில் மூன்று எப்படி வந்தது? ஒன்று, புதிதாக வாங்கும்போதே கம்பெனி போட்டுக் கொடுத்த ட்ரையல். கெடு முடிந்து வருடங்கள் ஆகியும் பின்னணியில் ஓடிக்கொண்டு "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்" என்று காசு கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது, பார்மட் அடித்தவர்கள் விற்றது. கம்பெனி கொடுத்த ரெகவரியை வைத்தே அவர்கள் பார்மட் அடித்ததால் பழைய ட்ரையலும் திரும்ப வந்திருக்கிறது, அதை எடுக்கவில்லை. மூன்றாவது, ஏதோ வெப்சைட் விளம்பரத்தைப் பார்த்துப் பயந்து அவரே போட்டது, கூடவே ஒரு "கிளீனர்", ஒரு "டிரைவர் அப்டேட்டர்".

2012ல் வந்த விண்டோஸ் 8லிருந்து டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது, தனிக் காசு இல்லை. வேறொன்றைப் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், எடுத்துவிட்டால் தானாகத் திரும்பும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சோதனைகளில் பலமுறை 18க்கு 18 வாங்கியிருக்கிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் தீர்மானமான கருத்து. இலவசம் என்று இறக்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்ற வழக்கில் 2024ல் அவாஸ்டுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் விதித்தது 1 கோடியே 65 லட்சம் டாலர்.

வீட்டிலேயே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதமே நிற்கிறதா, யார் அதிகம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஆப்ஸ் பட்டியலில் எத்தனை ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றாக நீக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட். காசு கொடுத்ததாக இருந்தால் அதன் லைசென்ஸ் கீயை முதலில் எழுதி வையுங்கள். நீக்கியும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கம்பெனியே தரும் ரிமூவல் டூலை அவர்கள் தளத்திலிருந்து மட்டும் எடுத்து ஓட்டுங்கள், ஃபோல்டரைக் கையால் அழிக்காதீர்கள். கடைசியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளீனர், டிரைவர் அப்டேட்டர் எல்லாம் போகட்டும்.

வலது மூலையில் "உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி" என்று விடாமல் வருகிறதா? பெரும்பாலும் அது நீங்கள் எப்போதோ "அலவ்" அழுத்திய ஒரு தளத்தின் நோட்டிஃபிகேஷன். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் நம்பருக்குத் தயவுசெய்து போன் மட்டும் செய்யாதீர்கள்.

கிராக் சாஃப்ட்வேர் (காசு கொடுக்காமல் ஓட்ட லைசென்ஸை உடைத்தது) போடுவதற்காக ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு, பிறகு வைரஸ் வந்துவிட்டது என்று வருபவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. ஜெராக்ஸ் கடையில் போட்டு வந்த பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள், விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது, எந்த ஆன்டிவைரஸும் அந்த இடத்தை நிரப்பாது.

டீச்சரின் லேப்டாப்பில் ஐந்தையும் எடுத்து, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டேன். இப்போது அரை நிமிடத்துக்குள் ஆன் ஆகிறது. பழைய டிஸ்கில் ரெகவரி ஓட்டிப் பார்த்ததில் பதினோரு போட்டோ கிடைத்தது, மிச்சம் கிடைக்கவில்லை.

சர்வீஸ் செய்யும் தம்பிகளிடம் ஒரு கோரிக்கை. பார்மட் அடிக்கும் முன் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வேறு டிஸ்கில் காப்பி எடுத்து, கொண்டுவந்தவரை உட்காரவைத்து ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு கை வையுங்கள்.