உப்புக் குளமும் போர் தண்ணியும்

வீட்டு நீச்சல்குளத்தை ‘உப்பு நீர்க் குளம்’ ஆக்கிவிட்டால் குளோரினே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் குளத்திலும் கிருமியைக் கொல்வது குளோரின்தான். டிரம்மில் வாங்கி ஊற்றுவதற்குப் பதில் வீட்டிலேயே தயாரிக்கிறோம், அவ்வளவுதான்.

கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இங்கே 3 முதல் 4 கிராம் போதும். 50,000 லிட்டர் குளத்துக்கு முதல் தடவை ஏறக்குறைய 175 கிலோ. இந்த நீரை பம்ப் ஒரு செல் (மின்சாரத்தால் குளோரின் தயாரிக்கும் பெட்டி) வழியாகத் தள்ளுகிறது. உள்ளே ருத்தேனியம் ஆக்சைடு போன்ற பூச்சு கொண்ட டைட்டானியம் தகடுகள். கரண்ட் பாய்ந்ததும் நேர்மின் தகட்டில் குளோரின் உண்டாகிறது, எதிர்மின் தகட்டில் ஹைட்ரஜன் குமிழிகள். குளோரின் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகி, வேலை முடிந்ததும் மறுபடி குளோரைடாகிவிடும். அதனால் உப்பு தீர்வதில்லை. தெறித்தும், ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷிலும், ஐப்பசி மழையில் குளம் வழிந்தும் போவதுதான் இழப்பு.

தொல்லை அந்தக் குமிழிகளில் ஆரம்பிக்கிறது. நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை அவை வெளியே கிளப்பிவிடுவதால் பிஎச் (நீரின் அமில-கார அளவு) ஏறிக்கொண்டே போகும். பிஎச் 7.5-ல் குளோரினில் பாதிதான் வீரியமான அமில வடிவில் இருக்கும். 8-ஐத் தொட்டால் கால்பங்குதான். டெஸ்ட் கிட்டில் குளோரின் சரியாகவே காட்டும், ஆனால் ஓரத்தில் பாசி வழுக்கும். ஆக, குளோரின் டிரம் போனாலும் பிஎச்சை இறக்கும் ஆசிட் கேன் வீட்டை விட்டுப் போகாது.

அடுத்தது நம் போர் தண்ணி. எதிர்மின் தகட்டை ஒட்டிக் காரம் கூடுதலாக இருப்பதால் கடின நீரிலுள்ள கால்சியம் அங்கே கார்பனேட்டாகப் படிகிறது. கீசர் காயிலை மூடுகிற அதே வெள்ளைச் சுண்ணாம்புதான். செல்லைக் கழற்றிப் பார்த்தால் தகடுகளின் இடுக்கெல்லாம் அடைத்திருக்கும். பல கருவிகள் மின்முனையை மாற்றிப் போட்டுத் தாங்களே இதை உதிர்த்துக்கொள்ளும். ஆனால் அப்படி மாற்றுவதும் ஆசிட்டில் கழுவுவதும் பூச்சைத் தேய்க்கும். பூச்சு போனால் செல்லையே மாற்றவேண்டியதுதான், அதன் விலையும் கொஞ்சமில்லை. துருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எவர்சில்வர் ஏணி என்றால் 304 ரகம் சீக்கிரம் புள்ளி விழும், 316 தாக்குப்பிடிக்கும். கடற்கரைச் சாலைக்காரர்களுக்கு உப்புக்காற்றே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் படுவது வேறு. ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷ் நீர் எங்கே போகிறது? தோட்டத்தில் விட்டால் தென்னை ஓரளவு தாங்கும், வாழை கருகிவிடும். 2003 முதல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குளத்து நீர் அந்தக் குழியில் இறங்கினால் உப்பு நிலத்தடி நீரில் சேரும். சென்னையில் நீலாங்கரை, திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் அதற்கு வேறு உப்பு தேவையா? ஆகவே கருவி வாங்கும் முன் பிளம்பரிடம் பேக்வாஷ் குழாயின் வழியைக் கேளுங்கள். அது மழைநீர்க் குழிக்குப் போகிறது, மாற்றவும் வழியில்லை என்றால், டிரம் குளோரினே போதும் என்பேன்.