டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: டயாலிசிஸ் தண்ணீரும் குளோரினும்

நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேர டயாலிசிஸுக்கு 120 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதற்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. குடித்தால் ஒன்றும் செய்யாத குளோரின் இங்கே ஆளைச் சாய்த்துவிடும்.

மதுரையில் ஒரே சம்பில் மாநகராட்சியின் வைகைத் தண்ணீரும் விழும், போர் தண்ணீரும் விழும், கோடையில் லாரித் தண்ணீரும் விழும். ஆர்ஓ-வுக்குப் பிறகு டிடிஎஸ் 10 காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த மீட்டருக்கு உப்புதான் தெரியும். குளோரமினும் தெரியாது, கிருமியும் தெரியாது. பிளீச்சிங் பவுடரின் குளோரின் தண்ணீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து உருவாவதுதான் குளோரமின். ஆர்ஓ சவ்வு இதைச் சரிவரத் தடுக்காது. ஆர்ஓ-வுக்கு முன்னால் இருக்கும், கரி நிரப்பிய கார்பன் டேங்க்தான் தடுக்க வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டேங்க். ஒவ்வொன்றிலும் தண்ணீர் 5 நிமிடமாவது கரியோடு தங்க வேண்டும். மணிக்கு 2,000 லிட்டர் உள்ளே போனால் நிமிடத்துக்கு 33 லிட்டர். அப்படியானால் டேங்குக்குச் சுமார் 165 லிட்டர் கரி. இடமில்லை என்று சின்ன டேங்க் வைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. பேக்வாஷ் செய்தால், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவினால், அழுக்கு போகும், தீர்ந்த கரி புதுசாகாது.

ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பு, பிளான்ட் 15 நிமிடம் ஓடிய பிறகு, முதல் டேங்க் தாண்டிய குழாயில் தண்ணீர் பிடித்து மொத்தக் குளோரின் பாருங்கள். தனிக் குளோரினும் குளோரமினும் சேர்ந்ததுதான் மொத்தக் குளோரின்; தனிக் குளோரின் சோதனையில் குளோரமின் சிக்காது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் உடனே இரண்டாவது டேங்குக்குப் பின்னால் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் மணிக்கொரு முறை சோதித்தபடி ஓட்டலாம், ஆனால் கரி மாற்ற ஏற்பாடு செய்துவிட வேண்டும். அங்கேயும் தாண்டினால் டயாலிசிஸை நிறுத்துங்கள். லாரி வந்து இறக்கினால், ஷிப்ட் நடுவிலும் இன்னொரு சோதனை. மாதம் முழுக்க ஒரே பேனாவில் ‘0.0’ எழுதிய பதிவேட்டை நம்ப முடியாது.

குளோரமின் கசிந்தால் சிவப்பணுக்கள் உடையும். அளவு அதிகமென்றால் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வரும். சிறிதளவு தொடர்ந்து கசிந்தால், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி போட்டும் பல நோயாளிகளுக்கு ஒரே சமயத்தில் ஹீமோகுளோபின் ஏறாமல் நிற்கும். அப்போது ஊசியின் அளவைக் கூட்டுமுன் கார்பன் டேங்கைப் பாருங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னருக்கு ஒரு வார்த்தை: கடினத்தன்மையை நாள் முடிவில் சோதியுங்கள். இரவில் உப்பு ஏற்றிப் புதுப்பித்த ரெசின் (சாஃப்ட்னருக்குள் இருக்கும் மணிகள்) காலையில் நன்றாகத்தான் வேலை செய்யும். போர் தண்ணீரோடு போராடி மாலையில்தான் தோற்கும்.