'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலுக்குக் காலக்கெடு உண்டு

பாரிமுனையில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், வழக்குப் பேச்சு முடிந்ததும் அலுத்துக்கொள்வது வழக்கம்: "எம்.பி.க்கு மனு கொடுத்தோம் சார், ஒண்ணும் நடக்கல. பார்லிமென்ட்ல என்னதான் பேசுறாங்களோ!" எதைப் பற்றிய மனு என்று கேட்டால், பாதிப் பேர் தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்பார்கள். அது கவுன்சிலர் வேலை. சென்னை மாநகராட்சியில் 200 வார்டு இருப்பது எதற்கு?

மீதிப் பேரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. புறநகர் ரயில் நிலையத்தில் சுரங்கப்பாதை வேண்டும் என்பார்கள். எம்.பி.யும் மக்களவையில் கேட்டிருப்பார். 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுத்தில் பதில் வந்திருக்கும். சரி, அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாத இடமே அதுதான்.

அமைச்சர் அவையில் 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்படுகிறது' என்றெல்லாம் சொன்னால் அது பெரும்பாலும் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறிவிடும். 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. 15 பேர் கொண்ட அந்தக் குழுவில் அமைச்சர்களுக்கு இடமில்லை. நம் சட்டமன்றத்துக்கும் இப்படியொரு குழு உண்டு; மாவட்டங்களுக்கே போய் ஆய்வு செய்கிறது. டிவியில் வரும் கூச்சல் குழப்பத்தில் இதெல்லாம் யார் கண்ணில் படுகிறது?

குழுவுக்குப் பல் கொஞ்சம் குறைவுதான். அமைச்சகம் கேட்டு, குழுவும் ஒப்புக்கொண்டால் உறுதிமொழியையே கைவிட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது இதுதான். கேள்வி கேட்ட எம்.பி. தன் தொகுதிக்கு வந்து, அதைக் கைவிட்டது ஏன் என்று சொன்னாலே சபைமேல் பாதி நம்பிக்கை திரும்பும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. எம்.பி. கேட்ட கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. (வருகைப்பதிவை மட்டும் பார்த்து எடை போடாதீர்கள். அமைச்சர்கள் அதில் கையெழுத்துப் போடுவதே இல்லை.) உங்கள் ஊர் விஷயம் இருந்தால் கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 3 மாதம் கழித்து எம்.பி. அலுவலகத்தில், அந்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே மழுப்பினால், அப்புறம் 10 ரூபாய் கட்டணத்தில் அமைச்சகத்துக்கே ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் ஆதங்கத்தையெல்லாம் கொட்ட வேண்டாம். கேள்வி எண், தேதி, இப்போதைய நிலை என்ன என்று மூன்று வரி போதும்.