பெட் பாட்டில் வெளுப்பது ஏன்?

தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நட்டநடுவே சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். உருகிய பெட் (PET) பிளாஸ்டிக் மோல்டுக்குள், அதாவது வார்ப்பு அச்சுக்குள், நுழைந்த வாசல் அது. அதைச் சுற்றிப் பால்போல மங்கியிருந்தால், அங்கே பெட் படிகமாகிவிட்டது.

பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்து நிற்கும். 250-ஐ ஒட்டி உருகும். இடைப்பட்ட சூட்டில்தான் அவை மடிந்து அடுக்காகி, கோளங்களாக வளரும். 170-ஐ ஒட்டி வேகம் உச்சம். பெரிதான கோளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. எனவே 280 டிகிரிக் குழம்பை, 10 டிகிரி நீர் ஓடும் மோல்டில் சட்டெனக் குளிர்விக்கிறார்கள். கடைசியாகக் குளிர்வது வாசல், வெளுப்பதும் அங்கேதான்.

பைகள் செய்யும் பாலிஎத்திலினிடம் சட்டெனக் குளிர்விக்கும் இந்த வித்தை பலிக்காது. அதன் நெகிழ்வான சங்கிலி நொடியில் மடிந்துவிடும். பெட்டிலோ விறைப்பான பென்சீன் வளையங்கள் இருப்பதால் அடுக்காக நேரம் பிடிக்கிறது. ஐசோப்தாலிக் அமிலத்தை 2 சதவீதம் சேர்த்தால் சங்கிலியில் ஆங்காங்கே கோணல் விழும்; கோணல் அடுக்கில் பொருந்தாது, படிகமாவது இன்னும் தாமதமாகும்.

மோல்டு குளிர்ந்திருந்தும் வெளுக்கிறதா? முதலில் பிளாஸ்டிக் குருணையைக் காயவைக்கும் டிரையரைப் பாருங்கள். குருணையை 160-170 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் காயவைத்து, ஈரத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் கீழே இறக்க வேண்டும். மிஞ்சும் நீர் உருகிய நிலையில் சங்கிலிகளை வெட்டும். குட்டையான சங்கிலிகள் எளிதாக நகரும், வேகமாகப் படிகமாகும். அடுத்த சந்தேகம் உருக்கிய சூடு. 260 டிகிரியோடு நிறுத்தினால் பழைய படிகத் துணுக்குகள் கரையாமல் தங்கி, குளிரும்போது விதைகளாகும். 10, 15 டிகிரி கூட்டினால் தெளியும். அதற்காக 290-ஐத் தாண்டக் கூடாது. சங்கிலி சிதைந்து அசிட்டால்டிஹைடு உண்டாகும், தண்ணீரின் சுவை கெடும்.

மோல்டில் வார்த்த சிறு குழாயைப் பிரீஃபார்ம் என்பார்கள்; அதைச் சூடாக்கிக் காற்றால் ஊதித்தான் பாட்டிலாக்குகிறார்கள். ஊதும்போது வரும் வெளுப்பில்தான் பலர் ஏமாறுவார்கள். சுமார் 100 டிகிரியில் ஊத வேண்டிய பிரீஃபார்ம் மிகச் சூடானால் புகைமூட்டமாக மங்கும், அது படிகம். சூடு போதாவிட்டால் முத்துப்போல மினுக்கும். அது சங்கிலிகள் தாங்காமல் இழுபட்டு விழுந்த நுண்பிளவு. முன்னதற்குச் சூட்டைக் குறையுங்கள், பின்னதற்குக் கூட்டுங்கள்.

சரியாக ஊதிய பாட்டிலின் சுவரும் ஓரளவு படிகம்தான். இழுவையில் உருவாகும் படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சூடான பழச்சாறு நிரப்பும் சில பாட்டில்களின் கழுத்தையோ வேண்டுமென்றே சுட்டு வெளுக்க வைக்கிறார்கள். 85 டிகிரிச் சாறு பட்டாலும் மரை நெளியாது.