வட்டவளை மழையும் கிரீன்லாந்துப் பனியும்

ஆடி மாதத்தில் பதுளை ரயிலில் போகிறவர்களுக்கு இது தெரியும். வட்டவளையில் யன்னலைத் திறக்க முடியாத மழை. ஹட்டன், நானுஓயா வரை அதே நசநசப்பு. பட்டிப்பொலையைத் தாண்டி, உச்சிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹிய பக்கம் வெளியே வந்தால் பல நாட்களில் வெயில். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு ஊவாவுக்குள் இறங்குகிறது.

புவியியல் பாடத்தில் இதை மழைமறைவு என்று எழுதிப் புள்ளி வாங்கியிருப்போம். அங்கே சொல்லித்தராத ஒன்று உண்டு: மேகம் முந்திக் கொட்டுவது பாரமான தண்ணீரை.

தண்ணீரில் பாரமானது, இலேசானது என்று இருக்கிறதா? இருக்கிறது. ஒட்சிசன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் திணிவெண் 16. ஏறத்தாழ 500 இல் ஒன்றுக்கு 18. இரண்டும் ஒட்சிசனின் சமதானிகள்தான். 18 உள்ள நீர் மூலக்கூறு பாரம் கூடியது என்பதால் கடலிலிருந்து ஆவியாகக் கொஞ்சம் தயங்கும். மேகத்தில் ஒடுங்கும்போதோ முந்திக்கொண்டு துளியாகிவிடும். மழை பெய்யப் பெய்ய, எஞ்சிய ஆவியில் 18 குறைந்துகொண்டே போகும். மேகம் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நீர் ஏற்கெனவே கொட்டித் தீர்ந்திருக்கும். ஆகவே குளிர் கூடிய இடத்தில் விழும் பனியில் 18 மிகக் குறைவு. அத்திலாந்திக்கில் கிளம்பி கிரீன்லாந்தின் உச்சிக்குப் போகும் ஆவிக்கு நடப்பதும் இதுவேதான், இன்னும் கடுமையாக.

டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் 1952 இல் கோப்பன்ஹேகனில் ஒரு பியர் போத்தலில் புனலைச் செருகி, புல்தரையில் வைத்து மழைநீர் பிடித்தார். மழையிலுள்ள சமதானி விகிதம் மேகத்தின் வெப்பநிலையோடு சேர்ந்து மாறுவதைக் கண்டார். அப்படியானால் பழைய மழை கிடைத்தால் பழைய வெப்பநிலையும் கிடைக்கும். பழைய மழைக்கு எங்கே போவது? உருகாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும் கிரீன்லாந்துக்கு. அங்கே அமெரிக்க இராணுவத்தின் கேம்ப் செஞ்சுரி முகாமில் 1966 இல் பாறைவரை, கிட்டத்தட்ட 1,390 மீற்றர் துளைத்தார்கள். அந்தப் பனி உருளையின் மாதிரிகளை டான்ஸ்கார்ட் அளந்தார். கோடைப் பனியில் 18 கொஞ்சம் கூட, மாரிப் பனியில் குறைவு. மிக ஆழத்துக்குப் போகும்வரை ஆண்டுகளை எண்ண அந்த ஏற்ற இறக்கமே உதவும்.

சரி, இப்படிப் பனியைத் துளைக்கும் முகாமில் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு என்ன வேலை? பத்திரிகைப் படங்களில் துளைக்கும் கருவிதான் வரும். எனக்கென்னவோ, அதன் பக்கத்தில் பதிவேட்டோடு நிற்கிறவர்தான் முகாமில் முக்கியமான ஆள் என்று தோன்றும். பல முகாம்களில் ஆராய்ச்சி மாணவர்களுக்கே இந்த வேலை விழுகிறது. மேலே இராப்பகலாக வெயில். பனிக்குக் கீழே வெட்டிய அகழியில் உறைகுளிர். கருவி ஒவ்வொரு தடவையும் சில மீற்றர் நீள உருளையோடு வரும். அதன் தலைப்பக்கம் முந்திய துண்டின் அடிப்பக்கத்தோடு பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பொருந்தாவிட்டால் இடையில் எவ்வளவு போயிற்று என்று கணக்கெடுக்க வேண்டும். அப்புறம் நீளம், ஆழம், மேற்பக்கம் எது என்ற குறி, விரிசல், எரிமலைச் சாம்பல் கோடு ஏதும் தெரிகிறதா என்ற குறிப்பு. டென்மார்க் குழுவின் வழக்கப்படி 55 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுவார்கள். ஒரு துண்டு தலைகீழாகப் போனால் அதற்குள் இருக்கும் கோடை மாரி எல்லாம் புரண்டுவிடும். பிறகு ஆய்வுகூடத்தில் எவ்வளவு நுட்பமான கருவி இருந்தும் என்ன?

ஏறத்தாழ 600 முதல் 1,300 மீற்றர் வரையான ஆழத்துப் பனி தொட்டாலே வெடிக்கும். அதில் அமுங்கிக் கிடந்த காற்றுக்குமிழிகள் மேலே வந்ததும் விரியப் பார்க்கும். அதனால் உடனே வெட்டாமல், சிலவேளை அடுத்த கோடைவரைகூட, ஆறப் போடுவார்கள். துளை அமுங்கி மூடிக்கொள்ளாமல் இருக்க அதற்குள் உறையாத திரவம் ஊற்ற வேண்டும். அண்மைக்கால கிரீன்லாந்து முகாம்களில் பயன்பட்ட திரவங்களில் ஒன்று தேங்காய் எண்ணெயிலிருந்து பெறப்பட்டது. (தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

ஆண்டுகளை எண்ணும்போது பிசகு வந்தால் எரிமலைகள் கைகொடுக்கும். 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துப் பரப்பிய கந்தக அமிலம் கிரீன்லாந்துப் பனியிலும் இருக்கிறது. ஆண்டு தெரிந்த அந்த அடுக்கை வைத்து எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம்.

குமிழிகளில் இருப்பது அந்தக் காலத்துக் காற்றேதான். ஆனால் காபனீரொட்சைட்டை அளக்க கிரீன்லாந்து அவ்வளவு தோதல்ல. பனியோடு விழுந்த தூசியிலுள்ள காபனேற்றுகள் தாமே அந்த வாயுவை உண்டாக்கிக் கணக்கைக் கெடுக்கின்றன. அதற்கு அந்தாட்டிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைத்த 8 இலட்சம் ஆண்டுப் பதிவில், கைத்தொழில் யுகத்துக்கு முன்பு, பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 300 பங்குதான் உச்சம். இன்று 420 ஐக் கடந்துவிட்டது.

கிரீன்லாந்து சொன்ன பெரிய செய்தி வேறு. கடந்த பனியுகத்தில் அங்கே வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள் 10 பாகை செல்சியஸ், சிலவேளை அதற்கு மேலும் எகிறியிருக்கிறது. அதுவும் 20 தடவைக்கு மேல். சீனாவின் ஹுலு குகைச் சுண்ணாம்புப் படிவுகளில் அதே தாவல்கள் ஆசியப் பருவமழையின் ஏற்ற இறக்கமாகப் பதிந்திருக்கின்றன. கிரீன்லாந்து குளிர்ந்த காலங்களில் இந்த மழை மெலிந்திருக்கிறது. ஆர்க்டிக் கதை நமக்கெதற்கு என்று கேட்கிற தேயிலை மலைக்காரருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

நம் பக்கத்திலும் சாட்சி உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பில், மக்கிய தாவர மண்ணுக்குள் சுமார் 24,000 ஆண்டு மகரந்தம் அடுக்காகக் கிடக்கிறது. பனியுகத்தின் உச்சத்தில் அந்தப் பக்கம் இன்றைவிட வறண்டிருந்தது என்று அது காட்டுகிறது. ஆனால் அந்த மண்ணில் கோடை மாரி வரிகள் கிடையாது. ரேடியோகாபன் முறையில் ஆங்காங்கே வயதைக் கணித்து, இடைப்பட்டதை ஊகிக்க வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் பிழை வரலாம். கிரீன்லாந்தில் இருபது முப்பது ஆண்டுகளில் முடிந்துபோன ஒரு தாவலை ஹோர்ட்டன் சமவெளி எப்படி உணர்ந்தது என்று அந்தச் சதுப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.