பெடல் எந்த இடத்தில் சிக்குகிறது? மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள்

லேசாகத் தள்ளிவிட்டால் போதும், சின்ன மூன்று சக்கர வண்டியைக் குழந்தை எப்படியோ மிதித்துக்கொண்டு போய்விடும். வளர்ந்துவிட்டதே என்று செயின் வைத்த பெரிய வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தால், அதில் அரைச் சுற்றுக்கு மேல் மிதிக்க வராது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளிடம் இது அடிக்கடி நடக்கும். 'பயப்படுகிறான்', 'சோம்பல்' என்று பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள். பெரும்பாலும் பயமும் இல்லை, சோம்பலும் இல்லை, வண்டியின் பின்சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு சின்னச் சமாச்சாரம்தான் காரணம்.

எந்தப் பெடலிலும் ஒரு செத்த புள்ளி உண்டு. கால் தள்ளுகிற திசையும் கிராங்கும் (பெடலை அச்சோடு இணைக்கும் தண்டு) ஒரே கோட்டில் வந்துவிட்டால், எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் திரும்பாது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை இது வரும். நாம் அதை உணர்வதே இல்லை, ஏனென்றால் அந்த நொடியில் மேல் காலை லேசாக முன்னால் தள்ளி, கீழ்க் காலைப் பின்னால் இழுத்துச் சமாளித்துவிடுகிறோம். மூளை முடக்குவாதத்தில் தசையே கெட்டுப்போவதில்லை, அதற்குக் கட்டளை தரும் மூளைப் பகுதிதான் வளரும் பருவத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறது. முழங்காலை நீட்டும் தசை வேலை செய்யும்போது மடக்கும் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இறுகிக்கொள்ளும். அதனால் செத்த புள்ளியில் கால் அப்படியே நின்றுவிடுகிறது.

சின்ன வண்டியில் பெடல் நேரடியாக முன்சக்கரத்தோடு இணைந்திருக்கும். சக்கரம் ஓடினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும், ஆக வண்டியின் வேகமே காலைச் செத்த புள்ளியைத் தாண்டித் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. செயின் வண்டியில் ஃப்ரீவீல் வந்துவிடுகிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி தன்பாட்டுக்கு ஓடும், ஆனால் அந்த ஓட்டம் பெடலுக்குத் திரும்பி வராது. நமக்குச் சௌகரியமான இந்த ஏற்பாடுதான் அந்தக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்துவிடுகிறது.

ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது, இது ஃபிக்ஸடா (சக்கரத்தோடு பெடலும் சுற்றியே ஆகும் வகை) ஃப்ரீயா (ஃப்ரீவீல் வைத்தது), மாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான். கலரும் கூடையும் அப்புறம். இதற்கென்றே செய்யப்படும் வண்டிகளில் சிலவற்றில் இரண்டுக்கும் வழி இருக்கும். ஆனால் ஃபிக்ஸடுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. தசை இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது: மெதுவாக நீட்டினால் இடம் கொடுக்கிற தசை, வெடுக்கென்று நீட்டினால் எதிர்த்து இறுகும். சரிவில் வண்டி தானாக வேகமெடுத்தால் பெடல் காலைச் சுழற்றும், கால் விறைக்கும், பாதத்தைப் பெடலோடு பிடிக்கும் பட்டை இல்லாவிட்டால் பாதம் நழுவி, சுற்றுகிற பெடலிலேயே அடிபடும். பின்னாலிருந்து தள்ளுகிறவருக்கும் இதேதான், தள்ளுவதென்றால் மெதுவாகத் தள்ளுங்கள். நல்ல பிரேக் இல்லாத ஃபிக்ஸட் வண்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் சின்ன வண்டியையே பெரிதாகச் செய்துவிடலாமே? அங்கே வேறொரு சிக்கல். பெடல் முன்சக்கரத்தில் இருந்தால், மிதிக்கிற சக்கரமும் திருப்புகிற சக்கரமும் ஒன்றே. வலது காலால் முன்னோக்கித் தள்ளினால் சக்கரம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதைக் கைதான் பிடித்து நிறுத்த வேண்டும். இடது பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள்: வலது கால்தான் பலம், அது ஒவ்வொரு மிதிக்கும் வண்டியை இடப்பக்கம் இழுக்கும், அதைத் தடுக்க வேண்டிய இடது கையோ பலவீனம். குழந்தை வட்டமடித்துக்கொண்டே இருக்கும். செயின் போட்டு விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது இதற்காகத்தான். அதிலும் சில வண்டிகளில் பின்சக்கரம் இரண்டில் ஒன்றுதான் ஓட்டும், அப்போதும் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும்.

கிராங்க் நீளம் பலரும் கவனிக்காத விஷயம். கிராங்க் நீளமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலும் இடுப்பும் அதிகம் மடங்கி நீள வேண்டும், பின்தொடைத் தசை இறுகிய குழந்தைக்கு அது எட்டாது. குட்டையாக்கினால் கால் எளிதாகச் சுற்றும், ஆனால் சும்மா கிடைப்பதில்லை. 12 சென்டிமீட்டர் கிராங்கை 8 ஆக்கினால், அதே மிதிக்குக் கிடைக்கும் திருப்புவிசை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், அதாவது ஒன்றரை மடங்கு அழுத்தி மிதிக்க வேண்டும். கிராங்கைக் குறைத்தால் பல்சக்கரத்தையும் லேசான விகிதத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இருக்கையில் இடுப்புதான் முதல். இடுப்பெலும்பு நேராக, பின்னால் ஒட்டி, பெல்ட்டுக்குள் நின்றுவிட்டால் முதுகும் கையும் பாதி தானாகவே சரியாகும். இடுப்பு முன்னால் சறுக்கிக்கொண்டிருக்கும்போது மார்புக்குப் பட்டை மேல் பட்டை போடுவதில் பயனில்லை. தாங்கல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். தானே நிமிர முடிகிற குழந்தையை இறுக்கிக் கட்டினால், மிதிக்கும்போது உடம்பைச் சாய்த்து உதவ வழியில்லாமல் போகும். பாதத்துக்குக் குதிகால் தடுப்போடு அகலமான தட்டு வேண்டும், ஸ்பிளின்ட் (பாதத்தையும் கணுக்காலையும் தாங்கும் உறை) போட்ட ஷூவோடுதான் அளவு பார்க்க வேண்டும். தொடைகள் உள்நோக்கிக் குறுக்கிடும் குழந்தைக்குக் கெண்டைக்காலைப் பிடிக்கும் தாங்கியும் தேவைப்படலாம். இடுப்பு மூட்டு விலகும் அபாயம் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு என்பதால், எக்ஸ்ரே பார்க்கிற மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மருத்துவச் சீட்டில் 'நிலை 3' என்பதுபோல எழுதியிருக்கலாம். குழந்தையின் நடமாட்டத் திறனை ஐந்து நிலையாகப் பிரிக்கும் இந்த வகைப்பாடு (GMFCS) 1997-ல் கனடாவிலிருந்து வந்தது, வாக்கர் போன்ற ஒன்றைக் கையால் பிடித்து நடக்கிற குழந்தை மூன்றாம் நிலை. நடையைப் பற்றி அது நன்றாகவே சொல்லும், மிதிப்பதைப் பற்றி அவ்வளவாகச் சொல்லாது. நடையில் உடம்பின் எடையையும் சமநிலையையும் கால் பார்த்துக்கொள்ள வேண்டும், இங்கே அந்த இரண்டையும் வண்டி எடுத்துக்கொள்கிறது. நடக்கச் சிரமப்படும் பிள்ளை ஜாலியாக ஓட்டுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூன்று சக்கரம் என்றால் கவிழாது என்ற நம்பிக்கையைத்தான் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்றால் தரையில் இருப்பது ஒரு முக்கோணம். பின்சக்கரங்களின் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்றாலும், குழந்தையின் எடை முன்சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் விழுந்தால், அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 20 சென்டிமீட்டர்தான். எடை மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 18 டிகிரி பக்கவாட்டுச் சரிவே கவிழ்த்துவிடும். திருப்பத்தில் வேகம் இரண்டு மடங்கானால் பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும். இருக்கை தாழ்வாக இருப்பதும், ஹேண்டில்பார் ஓரளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் நிறுத்தமும் இதனால்தான் முக்கியம். ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் பிஸியோதெரபிஸ்டோடு கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். களைத்த பிறகுதான் உண்மை தெரியும்: தலை ஒரு பக்கம் திரும்பும்போது கையும் கூடவே நீண்டு ஹேண்டிலை இழுக்கிறதா, பெடல் இன்னும் அதே இடத்தில்தான் சிக்குகிறதா என்று. இறக்கிவிட்டதும் ஷூவையும் ஸ்பிளின்டையும் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். பட்டை இருந்த இடத்தில் சிவந்திருக்கும், அது சாதாரணம். அரை மணி நேரம் கழித்தும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால் பட்டையை இடம் மாற்றிப் போட்டு, இன்னொரு நாள் திரும்பவும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.